‘உயர் இடர்’ எச்.பி.வி.: முடிவுத்தாளுக்குச் சொல் வேண்டும்

மடற்குழு அன்பர்களே,
கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) டி.என்.ஏ. சோதனையின் முடிவுத்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. கருவி இந்த வைரஸின் 16, 18 வகைகளைத் தனித்தனியாகவும் மற்ற 12 வகைகளை ஒரே தொகுப்பாகவும் காட்டும். இந்தப் பதினான்குக்கும் பொதுவாக, ஆங்கில ‘ஹை ரிஸ்க்’ என்பதற்கு ஈடான அடைமொழி தேவை. ‘உயர் இடர் மனிதப் பாப்பிலோமா வைரஸ்’ என்று எழுதிக் காட்டினால், “யார் அந்த உயர் இடர் மனிதர்?” என்கிறார்கள்.

மறு: உயர் இடர்
> பேரிடர் எனலாமே
புயலும் வெள்ளமும் அதை எடுத்துக்கொண்டாயிற்று. எனக்கு ‘இடர்’ என்பதே உறுத்துகிறது. பொய்கையாழ்வாரின் ‘இடராழி’ துன்பக் கடல். வந்து சூழ்ந்துவிட்ட துன்பம். நாம் சொல்ல நினைப்பதோ வரக்கூடியதை. ‘ஏதம்’ (கேடு) நல்ல சொல். மிகு + ஏதம் = மிகுவேதம்.

மறு: மிகுவேதம்
புணர்ச்சி சரிதான் ஐயா. ஆனால் நோயாளி கண்ணுக்கு அதில் வேதம்தான் தெரியும். ‘புற்று தூண்டும் வகை’ என்று நேராகச் சொன்னால் என்ன?

மறு: புற்று தூண்டும்
ஆய்வகத்தில் இருப்பவள் என்ற முறையில் தடுக்கிறேன். பதினான்கில் 16, 18 உட்பட 12 வகைகளே புற்று உண்டாக்குபவை என்று உறுதியானவை. 68ஆம் வகை ‘பெரும்பாலும்’, 66ஆம் வகை ‘ஒருவேளை’ என்ற வரிசையில் உள்ளவை. அதோடு, தொற்றுகளில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் தாமே அடங்கிவிடும். புற்று என்ற சொல்லைப் பார்த்தவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார். அடைமொழி வைரஸின் வகைக்கு, அந்தப் பெண்ணுக்கு அன்று; ஆகவே ‘வகை’ என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. வரைவில் ‘செல்லாது’ என்று ஒரு வரி இருக்கிறது, அதை எடுங்கள். கருவி வைரஸோடு மனித பீட்டா குளோபின் மரபணுவையும் தேடும். இரண்டுமே தென்படாவிட்டால் ‘வைரஸ் இல்லை’ என்று சொல்ல முடியாது: மாதிரி எடுத்த குச்சியில் செல்கள் போதவில்லை, அல்லது இரத்தமோ சளியோ தடவிய ஜெல்லோ மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆரை முடக்கியிருக்கிறது. ‘செல்லாது’ என்றால் செல்லாத நோட்டு நீட்டியவர் போல அந்தப் பெண் குன்றிப்போவார். ‘முடிவு கிட்டவில்லை, மாதிரி மீண்டும் தேவை’ போதும்.

மறு: மாதிரி
‘மாதிரி’ எதற்கு? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ‘பதம்’ என்க.

மறு: பதம்
சோற்றுக்குச் சரி. பெண்ணே தன் கையால் எடுத்த குச்சி வைரஸைத் தேடப் போதும். செல்களின் தோற்றத்தைப் பார்க்கும் பாப் சோதனைக்குப் போதாது. மற்ற 12 என்று வந்தால், பாப் சோதனைக்குச் செவிலியரோ மருத்துவரோ மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதம் ஆகாது.

மறு: வாய்
யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘கருப்பைக் கழுத்து’ என்றே எழுதுகிறோம். இலத்தீன் மூலமும் கழுத்துத்தான். நீங்கள் வாய் என்பது ஏன்?

மறு: மறு: வாய்
குடத்துக்கு இரண்டும் உண்டே. தொற்று பெரும்பாலும் வேலையைத் தொடங்குவது திறப்பை ஒட்டிய விளிம்பில். அதனால் வாய்.

மறு: முடிவு
ஐந்து பேர் ஒத்துக்கொண்டது: ‘ஆபத்து மிகுந்த வகை எச்.பி.வி. காணப்பட்டது / காணப்படவில்லை / முடிவு கிட்டவில்லை’. அதையே அனுப்புகிறேன்.

மறு: மறு: முடிவு
‘ஆபத்து’ வடசொல். ‘ஏதம்’ என்ற என் பரிந்துரை மடற்குழுவின் பதிவிலாவது இருக்கட்டும்.