மறு: வெளிச்சம் கூடும்போது பவளம் தன்னை மாற்றிக்கொள்வது – என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். வெளிச்சம் மாறும்போது ஓர் உயிர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் போட்டோஅக்லிமேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலின் தொடர்ச்சி இது.

> போட்டோஅக்லிமேஷனுக்கு 'ஒளித்தகவமைப்பு' போதாதா? புதிதாக எதற்கு?

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. தகவமைப்பு என்றதும் பள்ளிப் பாடம் படித்த எவருக்கும் ஒட்டகத்தின் திமிலும் கள்ளியின் முள்ளும் நினைவுக்கு வரும். அது பல தலைமுறைகளில் நடந்து மரபில் பதிந்தது. இங்கே நாம் பேசுவது ஒரே உயிர், தன் வாழ்நாளுக்குள், சில வாரங்களில் மாறுவதைப் பற்றி. இலங்கை நண்பர் சொன்ன 'ஒளி இசைவாக்கம்' என்பதிலும் இதே சிக்கல்தான், அங்கே பாடநூலில் இசைவாக்கம் என்பதே தகவமைப்பைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. செங்கடலின் ஏலாத் வளைகுடாப் பவளத்தைப் பற்றி 1981இல் அறிவியலாளர்கள் பால்கவ்ஸ்கியும் துபின்ஸ்கியும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அடாப்டேஷன் (தகவமைப்பு) என்றுதான் இருக்கும். வெயிலில் வளர்ந்த பவளம் வெளிர் நிறத்திலும் நிழலில் வளர்ந்தது கரும்பழுப்பிலும் இருப்பது பற்றிய கட்டுரை அது.

சொல்லைத் தேடுமுன் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகிறது. பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டுகிறோம். நீலம் தூக்கலான எல்இடி நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். 'முன்னைவிடக் குறைச்சல்தானே' என்று முழு அளவில் வைத்துவிடுவோம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டும் அளக்கும் கருவியை உள்ளே இறக்கினால்தான் குட்டு வெளிப்படும். நூறு மைக்ரோமோலில் (அந்த ஒளியை அளக்கும் அலகு) இருந்த இடத்தில் இப்போது முந்நூறு இருக்கலாம்.

பாசியால் அவ்வளவு ஒளியைச் செரிக்க முடியாது. மிஞ்சும் ஆற்றல் கேடு செய்யும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கித் திசுவைச் சிதைக்கும். பாசியைப் பவளம் வெளியேற்றும். கிளையின் மேற்புறம் எலும்பு வெள்ளையாகிவிட, நிழல் விழும் அடிப்புறம் மட்டும் பழுப்பு மாறாமல் இருப்பதைப் பார்த்தால், காரணம் வெளிச்சம்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மெல்ல மெல்லக் கூட்டினால் கதையே வேறு. பாசி தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும், காப்பு நிறமிகளைக் கூட்டிக்கொள்ளும். பவளமும் தன் பங்குக்கு ஒளிரும் புரதங்களையும், ஒளிராத நிறப் புரதங்களையும் கூடுதலாக உண்டாக்கக்கூடும். பழுப்பாக வந்த அக்ரோபோரா என்னும் கிளைப்பவளம் நீலமும் ஊதாவுமாக மாறுவதன் பின்னணி இதுதான். இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும்.

> அப்படியானால் 'ஒளிப்பழக்கம்' எனலாமே.

நெருங்கிவிட்டீர்கள் அம்மா. ஆனால் பழக்கம் என்றால் காபிப் பழக்கம், வெற்றிலைப் பழக்கம் என்று போய்விடும். வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு விகுதியை மட்டும் மாற்றலாம் என்பது என் கருத்து. நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை நாம் வெயிலுக்குப் பழக்குகிறோம், நாற்று வெயிலுக்குப் பழகுகிறது. செய்பவர் யார் என்பதை வினையே காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் விளக்கை மெல்லக் கூட்டும் அமைப்பும் அக்லிமேஷன், பாசிக்குள் நடப்பதும் அக்லிமேஷன். படிப்பவர்தான் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம்:

ஒளிப்பழகல் – உயிர் தானாகச் செய்வது.
ஒளிப்பழக்கல் – வளர்ப்பவர் செய்வது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "புது விளக்கை ஐம்பது விழுக்காட்டில் தொடங்கி வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி ஒளிப்பழக்கல் செய்க." "ஒளிப்பழகல் முடியுமுன் பவளத்தை மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டாம்." நாக்கில் உறுத்தவில்லை. அகராதியைப் புரட்டாமலே பொருளும் விளங்குகிறது. 'ஒளியிணக்கம்' எனக்கும் பிடித்ததுதான், ஆனால் அது முடிந்த நிலையைச் சொல்கிறது, நடக்கிற மாற்றத்தைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இப்போதே பிரித்து வைப்பது நல்லது. சில நிமிடங்களில் பாசியின் நிறமி ஒன்று இன்னொன்றாக மாறி, மிகுந்த ஆற்றலை வெப்பமாக வெளியே தள்ளும். மேகம் விலகி வெயில் அடித்ததும் நடக்கிற அவசர வேலை இது. இதை ஒளிப்பழகல் என்று எழுதக்கூடாது. இதற்கு 'ஒளிக்காப்பு' பொருந்தும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடினப்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டுத்தொட்டிக்கு அவற்றை வாங்குவது குற்றம். ஆனாலும், ஆழத்திலிருந்து எடுத்த பவளத் துண்டைப் பவளத்திட்டின் மேற்பரப்பில் நடும் மீட்புப் பணிக்கும் இச்சொல் தேவைப்படும் என்பதால்தான் இங்கே கொண்டுவந்தேன்.

சரி, ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. ஒளிக்குப் பழகல் என்று விரிவதால் ஒற்று மிக வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். 'ஒளிபழகல்' என்று எழுதவும் இடமுண்டா? இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் அதன்படி கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.