ஜிடிபி ஸ்டப்: நினைவகத்தைப் படித்தால் பைட்டுகள் தலைகீழாக வருகின்றன

கேள்வி:
கார்டெக்ஸ்-எம்4 ப்ராசஸர் போர்டுக்கு, சீரியல் வழியாகப் பேசும் ஜிடிபி ஸ்டப் (கணினியில் ஓடும் ஜிடிபி டீபக்கருக்கு போர்டிலிருந்து பதில் சொல்லும் சிறு நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். ராமில் ஒரு வேரியபிளின் மதிப்பு ஹெக்ஸில் 12345678. ஜிடிபியோ 78563412 என்கிறது. 4 பைட்டையும் ஒரே வேர்டாகப் படித்து, அந்த எண்ணை எட்டு ஹெக்ஸ் இலக்கமாக்கி அனுப்புகிறேன். எங்கே இடிக்கிறது?

பதில்:
அனுப்பும் வரிசையில்தான். சின்ன எம் (m) என்பது நினைவகத்தைப் படிக்கச் சொல்லும் பாக்கெட்; அதற்கான பதிலில், நினைவகத்தில் பைட்டுகள் கிடக்கும் அதே வரிசையைத்தான் ஜிடிபி எதிர்பார்க்கும். உங்கள் சிப் லிட்டில் எண்டியன் (எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைப்பது) என்பதால் 78 56 34 12 என்று போக வேண்டும்.

ஆனால் வேர்டாகப் படிப்பதை விட்டுவிடாதீங்க. முகவரி 4-ஆல் வகுபட்டு, நீளமும் 4 என்றால் ஒரே 32 பிட் ரீடாகப் படித்து பஃபரில் போடுங்கள். ஹெக்ஸாக்குவதை அங்கிருந்து பைட் பைட்டாகச் செய்யுங்கள். சில பெரிஃபெரல் ரெஜிஸ்டர்கள் படித்தாலே நிலை மாறிவிடும். துண்டு துண்டாகத் தொட்டால் வம்புதான். இல்லாத முகவரியைக் கேட்டால் பஸ் ஃபால்ட் (ப்ராசஸர் எழுப்பும் பிழை) வரும். அந்த ஹேண்ட்லரில் ஒரு கொடியை ஏற்றிவிட்டு, ஈ01 (பிழை) என்று பதில் அனுப்புங்கள்; ஸ்டப் தொங்கிப் போகக் கூடாது.

கேட்டவர்:
படிப்பது சரியாகிவிட்டது, நன்றிங்க. இப்போது எழுதுவதில் சிக்கல். பெரிய எம் (M, தரவை ஹெக்ஸாக அனுப்பி எழுதச் சொல்லும் பாக்கெட்) வேலை செய்கிறது. நிரலை ஏற்றும் லோட் கட்டளை கொடுத்தால் எக்ஸ் (X) பாக்கெட் வருகிறது, செக்சம் (பாக்கெட்டைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை) சரி. ஆனால் ராமில் 23 இருக்க வேண்டிய இடத்தில் 7டி, 03 என்று இரண்டு பைட் இருக்கிறது. அதற்குப் பின் எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போகிறது.

பதில்:
அந்த 03-லேயே விடை இருக்கிறது. எக்ஸ் பாக்கெட்டில் தரவு பைனரியாக வரும். #, $, } மூன்றும் பாக்கெட் அமைப்புக்கே தேவைப்படுவதால், அவை தரவில் வந்தால் ஜிடிபி முதலில் 7டி அனுப்பி, அடுத்து அந்த பைட்டை ஹெக்ஸ் 20-உடன் எக்ஸ்ஓஆர் (பிட்டுகளை ஒப்பிட்டு மாற்றும் கணக்கு) செய்து அனுப்பும். # என்பது 23. எக்ஸ்ஓஆர் செய்தால் 03. நீங்கள் 7டி-ஐ விழுங்கிவிட்டு, அடுத்த பைட்டை மறுபடி 20-உடன் எக்ஸ்ஓஆர் செய்ய வேண்டும்.

கவனம்: பாக்கெட்டில் சொல்லும் நீளம், இப்படி அவிழ்த்த பிறகான பைட் எண்ணிக்கை. செக்சமோ கம்பியில் வந்த பைட்டுகளுக்கு. அப்புறம், தரவில் 00 வரும். ஸ்டிரிங் ஃபங்ஷன் எதையும் பயன்படுத்தாதீங்க.

அவசரமென்றால் எக்ஸ் பாக்கெட்டுக்கு வெற்றுப் பதில் அனுப்புங்கள். ஜிடிபி தானாகப் பெரிய எம்முக்குப் போய்விடும். வேகம் குறையும், அவ்வளவுதான்.

கேட்டவர்:
அவிழ்த்து எழுதியாயிற்று. லோட் முடிந்து கம்பேர்-செக்ஷன்ஸ் (ஏற்றியதைக் கோப்போடு ஒப்பிடும் ஜிடிபி கட்டளை) போட்டேன். எல்லாப் பகுதிக்கும் மேட்ச்டு என்கிறது.