1951 லண்டன் கண்காட்சி: கட்டுமானப் படங்கள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். போன வாரம் லண்டனில் ஒரு பழைய சாமான் சந்தையில், சட்டம் போட்ட மூன்று கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வாங்கினேன். விற்றவர் "ஏதோ தொழிற்சாலை" என்றார். விலை ஏறிவிடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. 1951இல் தேம்ஸ் தென்கரையில் நடந்த 'பிரிட்டன் திருவிழா'வுக்காக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தபோது எடுத்தவை அவை.

ஒன்றில் 365 அடி விட்டமுள்ள கண்டுபிடிப்புக் குவிமாடம் கூரையில்லாமல் வெறும் எலும்புக்கூடாக நிற்கிறது. இன்னொன்றில் ஈயக்குண்டு வார்த்த பழைய கோபுரம்; அதன் அடியில், சேற்றின் மேல் போட்ட பலகையில் ஒருவர் தள்ளுவண்டியோடு தடுமாறுகிறார். மூன்றாவதில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசை அரங்கம், முழுக்கச் சாரம். திருவிழாவின் அடையாளமாக நின்ற ஒல்லியான உயரக் கம்பம், ஸ்கைலான், எதிலும் இல்லை.

அரங்கத்துக்கு அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அடிக்கல் நாட்டியது 1949 அக்டோபரில். திருவிழா தொடங்கியது 1951 மே மாதம். இடையில் இவை எப்போது எடுக்கப்பட்டிருக்கும்? குவிமாடப் படத்தின் பின்புறம் பென்சிலில் '7/12' என்று இருக்கிறது. டிசம்பர் 7ஆ, பன்னிரண்டில் ஏழாவதா?

அவசரமான கேள்வி வேறு. மூன்றாவது படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின் அட்டையும் பழுத்து உதிர்கிறது. பிய்த்தெடுக்கப் பயமாக இருக்கிறது. இதுபோன்ற படத்தைக் காப்பாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா? அதுவரை சட்டத்தைத் தொடமாட்டேன்.