கணக்கு வராது என்று முடிவு கட்டிய தம்பிக்கு வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் தம்பிக்காகக் கேட்கிறேன். மற்ற கம்பெனிகளின் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றைச் சொந்தமாகப் போடுவது அவனுடைய நெடுநாள் ஆசை. பேச்சை எடுத்தாலே, "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்கிறான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியது இன்னும் மனதில் நிற்கிறது. வாத்தியார் சரியில்லை, வீட்டுச் சூழ்நிலை, ஏழரைச் சனி என்று காரணங்களும் இருக்கின்றன. சில உண்மைதான். ஆனால் எத்தனை கிலோ துணியில் எத்தனை பீஸ் விழும், வேஸ்ட் எவ்வளவு போகும் என்று மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்பவனும் இவன்தான். அது கணக்கில்லாமல் வேறென்னங்க?

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை பற்றி ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதினார். தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் அதற்குப் பெரிய பலம்; அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. அடுத்தவர் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு வலு இல்லையாம். நான் சொல்லும் புத்திமதி அவனிடம் ஏறாததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஆழியாறு அறிவுத் திருக்கோயிலில் வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வு, அதாவது தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அதில் எண்ணம் ஆராய்தல் என்ற பகுதி இந்த மாதிரி பழைய முடிவுகளைத் திரும்பிப் பார்க்க உதவியதா?

அப்புறம், அதிகம் படிக்காமல் யூனிட் நடத்தும் அண்ணன்மார், அக்காமார் அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துக் கூலிக் கணக்கு போட்டுக் காட்டுவீர்களா? சரி என்றால் சொல்லுங்க. நான் கூட்டி வரமாட்டேன். அவனே போன் பண்ணிக் கேட்டு வரட்டும்.