புராஸ்டேட்: சின்னச் சுரப்பிதான், இருக்கும் இடம் அப்படி

எனக்கு 61 வயது. ராத்திரி நாலு தடவை எழுந்து யூரின் போவதை இரண்டு வருடமாக வயசுக் கோளாறு என்றே விட்டுவிட்டேன். அவசரமாக ஓடுவேன், போய் நின்றால் வராது. அப்புறம் நூல் மாதிரி வரும், நடுவில் நிற்கும், மறுபடி வரும். முடிந்தது என்று திரும்பினால் இரண்டு சொட்டு துணியில்.

போன மாதம் மூக்கடைப்புக்கு நானே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்று இரவு ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. அவசரப் பிரிவில் ட்யூப் போட்டார்கள். பையில் 900 மில்லி இறங்கியது. வலி விட்ட அந்த நிமிடம் அழுதுவிட்டேன். மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் புராஸ்டேட்டில் இருக்கும் தசையையும் இறுக்கிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் சிறுநீர்ப்பைக்கு ஒரு பலூன் வரைந்தார், அதன் கீழே யூரின் வரும் ஒரு குழாய், குழாயைச் சுற்றி ஒரு வளையம். “வளையம்தான் புராஸ்டேட். இதற்குப் பின்னாலேயே மலக்குடல், அதனால்தான் விரல் விட்டுத் தடவிப் பார்க்கிறோம்” என்றார். இளம் வயதில் சுமார் 20 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவு. வயதாக ஆக, குழாயை ஒட்டிய உள்பகுதி வீங்கிக் குழாயை நெரிக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில், மலக்குடல் பக்கமாகத் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் யூரின் தொல்லை எதுவுமே இல்லாமல் இருக்கலாம். இதைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. தொல்லை இல்லையென்றால் நோயும் இல்லை என்று அதுவரை நம்பியிருந்தேன்.

என் சுரப்பி 38 கிராம். ஸ்கேனுக்கு என்னோடு காத்திருந்தவருக்கு 70, ஆனால் அவருக்கு யூரின் தாராளமாகப் போகிறது. எடையைவிட எந்தப் பக்கம் வளர்கிறது என்பதுதான் விஷயம்.

*

அண்ணா, எனக்கு 33 வயதுதான். குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போன இடத்தில் இந்தச் சுரப்பி அறிமுகமானது. விந்து வெளிவந்ததும் கெட்டியாகி, பிறகு அரை மணி நேரத்துக்குள் இளகி நீராக வேண்டுமாம். என்னுடையது ஒரு மணி நேரம் கழித்தும் ஜெல்லியாகவே இருந்தது.

விந்தணு உருவாவது விரையில். விந்து நீரில் பெரும்பங்கு விந்துப்பைகளிலிருந்து வருகிறது, அதுதான் கெட்டியாவதற்குக் காரணம். கால் பங்கு போல புராஸ்டேட் தருகிறது. அதில் இருக்கும் ஒரு நொதி கெட்டியை வெட்டி இளக்கினால்தான் விந்தணு நீந்த முடியும். அந்த நொதியின் பெயரைக் கேட்டு அசந்துவிட்டேன்: பி.எஸ்.ஏ.! என் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று ரத்தத்தில் பார்த்தார்களே, அதேதான். அது ரத்தத்தில் கசிவதைத்தான் அளக்கிறார்கள். எனக்கு இருந்தது சுரப்பியில் தொற்று. நாலு வாரம் ஆன்டிபயாடிக். அடுத்த சோதனையில் 25 நிமிடத்தில் இளகிவிட்டது.

*

நான் மூன்றாமவன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் வெளியே பேசுவதில்லை. யூரின் குழாய் வழியாகவே புராஸ்டேட்டின் உள்பகுதியைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் எனக்கு நடந்தது. யூரின் பிரமாதமாகப் போகிறது. ஆனால் உறவின்போது உச்சத்தில் எதுவும் வெளியே வருவதில்லை. பயந்துபோய்க் கேட்டேன். அந்த நேரத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்ளும், ஆபரேஷனுக்குப் பிறகு அது சரியாக மூடாது, விந்து பின்னோக்கிப் பைக்குள் போய் யூரினோடு வந்துவிடும் என்றார்கள். ஆபத்து இல்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் மனைவியும் நானும் மூன்று மாதம் தவித்திருக்க மாட்டோம். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் கட்டாயம் கேளுங்கள்.

*

தம்பி, நான்தான் அந்த 61 வயதுக்காரன். பி.எஸ்.ஏ. பற்றிச் சொன்னதும் நினைவு வந்தது. ட்யூப் எடுத்த மூன்றாம் நாளே நான் அதைப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் மறுத்துவிட்டார். அடைப்பும் ட்யூபும் சேர்ந்தே அளவை ஏற்றிவிடுமாம், ஆறு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது ராத்திரி ஒரு மாத்திரை, அந்த இறுகிய தசையைத் தளர்த்தும் தாம்சுலோசின். முதல் சில நாள் எழுந்ததும் தலை சுற்றியது, அதனால் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறேன். நேற்று ஒரே ஒரு தடவைதான் எழுந்தேன்.