மறு: ஃபிரேம் ஜியோமெட்ரி = சட்டக வடிவியல்? (‘வாகு’ போதுமே)

குழுவினருக்கு வணக்கம்.

நம் சைக்கிள் சொற்பட்டியலில் ‘ஃபிரேம் ஜியோமெட்ரி’க்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று நான்கு நாளாக இந்த இழை ஓடுகிறது. சம்பா அறுப்பில் மாட்டிக்கொண்டதால் இன்றுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். திருவாரூர் ஐயா எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> ஜியோமெட்ரிக்கு ‘வடிவியல்’ என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. ஃபிரேமுக்குச் ‘சட்டகம்’. ஆக, ‘சட்டக வடிவியல்’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ‘இயல்’ என்று முடிந்தாலே அது ஒரு படிப்பு. ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுகிற சைக்கிள்) வாங்கப் போகிறவர் படிக்கப் போகவில்லை. குழாய்கள் எந்த நீளத்தில், எந்தச் சாய்வில் சேர்ந்திருக்கின்றன, அதில் ஏறி உட்கார்ந்தால் தன் இடுப்பும் முதுகும் கையும் எங்கே போய் நிற்கும், இதுதான் அவர் கேள்வி. ‘இந்த வண்டியின் வடிவியல் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று எங்கள் பாபநாசம் சைக்கிள் கடையில் போய்ச் சொன்னால், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியதைப் பற்றிப் புலம்புகிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை ‘வாகு’. உடல்வாகு என்கிறோமே, அந்த வாகு.

சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உம்பளச்சேரி மாடு குட்டை, கச்சிதம். சேற்று உழவுக்கென்றே அமைந்த உடல்வாகு. காங்கேயம் உயரம், எலும்பு கனம், அது வேறு வாகு. எது உசத்தி என்று யாரும் சண்டை போடுவதில்லை. எந்த வேலைக்கு எந்த வாகு என்றுதான் பேச்சு. ரோடு பைக்கில் பந்தயத்துக்கு ஒரு ஃபிரேம், நெடுந்தூரத்துக்கு ஒரு ஃபிரேம் என்று பிரிப்பதும் இதே பேச்சுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. ‘வாகாக உட்கார்’, ‘கைக்கு வாகாக இருக்கிறது’ என்கிறோம். அமைப்பு, அந்த அமைப்பு ஆளுக்குப் பொருந்துவது, இரண்டும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் இல்லாத வசதி இது. கையில் இருக்கும்போது எதற்கு விடவேண்டும்?

இதைச் சொல்ல எனக்குத் தனிப்பட்ட காரணமும் இருக்கிறது. நான் வாங்கிய முதல் ரோடு பைக் சுத்தமான பந்தய வண்டி. கடைக்காரர் என் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘சைஸ் 56’ என்று எடுத்துக் கொடுத்தார். ஊரிலிருந்து தஞ்சாவூர் 25 கிலோமீட்டர்தான். அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் கழுத்து இறுகிவிடும், திரும்பி வரும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருக்கும். ஆறு மாதம் சீட்டை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன், ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்கும் தண்டு) மாற்றினேன், ஜெல் வைத்த கையுறை வாங்கினேன். கடைசியில்தான் ஃபிரேமின் அளவு அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஸ்டாக் 553 மில்லிமீட்டர், ரீச் 392.

இந்த இரண்டும் தெரியாதவர்களுக்கு: பெடல் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போடுங்கள். ஹேண்டில் உட்காரும் தலைக்குழாயின் உச்சி அந்த அச்சைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது ஸ்டாக். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அது ரீச். 553-ஐ 392-ஆல் வகுத்தால் 1.41. பந்தய வண்டிகள் 1.4, 1.45 அளவில் நிற்கும். நெடுந்தூர வண்டிகள் 1.5-ஐத் தாண்டும். இப்போது நான் ஓட்டும் வண்டிக்கு 588-ம் 380-ம், வகுத்தால் 1.55 வருகிறது. உயரத்தில் 35 மில்லிமீட்டர், நீளத்தில் 12. ஒரு தீப்பெட்டி நீளம்கூட இல்லாத வித்தியாசத்துக்காக ஆறு மாதம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

‘சைஸ் 56’ என்பதில் ஏன் இதெல்லாம் தெரிவதில்லை? என் மாமாவின் ரோட்ஸ்டர், அந்தக் காலத்து உயரமான சைக்கிள், 24 இஞ்சி. 22 இஞ்சி, 24 இஞ்சி என்றால் சீட்டுக்குழாயின் நீளம்; 56 என்பதும் அதுவே, சென்டிமீட்டரில். மேல் பார் தரைக்கு மட்டமாக இருந்த காலத்தில் அந்த ஒரு எண்ணே போதும். 24 இஞ்சி வண்டியில் எனக்குக் கால் எட்டாமல் குரங்கு பெடல் போட்டே இரண்டு வருடம் ஓட்டினேன். 1990களின் பின்பாதியில் ஜயண்ட் நிறுவனம் டி.சி.ஆர். என்ற வண்டியில் மேல் பாரைப் பின்பக்கம் சரித்துவிட்டது; மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. பார் சரிந்ததும் சீட்டுக்குழாய் குட்டையாகிவிட்டது. அதன்பிறகு ஒரு நிறுவனத்தின் 56-ம் இன்னொரு நிறுவனத்தின் 56-ம் ஒன்றல்ல. ஸ்டாக்கும் ரீச்சும் அப்படியல்ல, பார் எப்படிச் சரிந்தாலும் அவற்றை ஒப்பிடலாம்.

(சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று அளவு எடுப்பார்கள். உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் மொத்தம் 124 பங்கு. சிலை ஒரு சாணோ ஒரு ஆளோ, பங்கு மாறாது. சைஸ் வேறு, வாகு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.)

சரி, உறுப்புச் சொற்களுக்கு வருகிறேன்.

ரீச்சுக்கு நண்பர் ஒருவர் ‘அடைவு’ என்று எழுதியிருந்தார். அடைவு என்றால் எனக்கு அடகுக்கடைதான் ஞாபகம் வருகிறது. ‘எட்டம்’ என்று வைக்கலாம். ‘எட்டத்துல நில்லு’ என்று வீட்டில் சொல்வதுதானே? கை எட்ட வேண்டிய தூரம் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘எட்டு’ என்று சுருக்க வேண்டாம், எண்ணோடு குழம்பும்.

ஸ்டாக்குக்கு ‘ஏற்றம்’ என்று வந்த பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது, எட்டத்தோடு மோனையாகவும் நிற்கிறது. ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம் என்றால் மேடு. நம் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தை விட்டால் மேடே கிடையாது என்றாலும், ஏற்காடு, கொல்லிமலை போகிறவர்களும் நம் பட்டியலைப் படிப்பார்கள். அதனால் ‘நிமிர்வு’ என்கிறேன். முழு மனதோடு அல்ல. நிமிர்வு என்பது விளைவு, ஸ்டாக் என்பது அளவு. தலைக்குழாயின் மேல் வளையம் போட்டாலும் ஆள் நிமிர்வார், ஆனால் ஃபிரேமின் ஸ்டாக் மாறியிருக்காது. இன்னொன்று, தலைக்குழாய் பின்சாய்வாக இருப்பதால் 10 மில்லிமீட்டர் வளையம் போட்டால் ஹேண்டில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நம்மை நோக்கியும் வரும். ஆகவே இரண்டு வண்டிகளின் எட்டத்தை ஒப்பிடுகிறவர்கள் நிமிர்வையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சக்கரங்களின் இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள தூரம் ‘அச்சிடை’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. பந்தய வண்டியில் ஒரு மீட்டருக்குள் அடங்கும், மாமாவின் ரோட்ஸ்டரில் தாராளமாகத் தாண்டும்.

வம்பு பிடித்த சொல் ட்ரெயில். இழையில் இரண்டு பேர் ‘தடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். காட்டுவழி ட்ரெயில் வேறு, இது வேறு. தலைக்குழாயின் சாய்வை அப்படியே தரைவரை நீட்டினால் ஓர் இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். தலைக்குழாய் 73 டிகிரி, ஃபோர்க்கின் முன்தள்ளல் 45 மில்லிமீட்டர், சக்கரத்தின் ஆரம் 340 என்று வைத்துக்கொண்டால் கணக்குக்கு 57 மில்லிமீட்டர் வருகிறது. தலைக்குழாயை 72-க்குச் சாய்த்தால் 63 ஆகிவிடும். இந்த ஆறு மில்லிமீட்டரில்தான் வண்டியின் குணம் இருக்கிறது. குறைந்தால் ஹேண்டில் சட்டென்று திரும்பும். கூடினால் நேராகப் போகப் பார்க்கும், திருப்பக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தை மாசி மாதம் கபிஸ்தலம் பக்கம் காவிரிக்கரைச் சாலையில் ஓட்டினவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள், எதிரே கரும்பு லாரி. மீதி இருக்கும் இரண்டு அடியில் நேர்கோடாகப் போக நெடுந்தூர வண்டி கெட்டி. திடீரென்று ஆடு குறுக்கே வந்தால் பந்தய வண்டிதான் சட்டென்று ஒதுங்கிக் கொடுக்கும். ட்ரெயிலுக்கு என் சொல் ‘பின்னிடை’. பின்னால் இருக்கும் இடைவெளி, அவ்வளவுதான். அச்சிடையோடும் சேர்ந்து போகும்.

கடைசியாக, நெடுந்தூர வண்டிகளின் ‘எண்டியூரன்ஸ் ஜியோமெட்ரி’யைத் ‘தாங்குதிறன் வடிவியல்’ என்றிருக்கிறார்கள். எது எதைத் தாங்குகிறது? படித்தால் ஃபிரேம் உடையாது என்று உத்தரவாதம் தருகிற மாதிரி இருக்கிறது. ‘பந்தய வாகு’, ‘நெடுவழி வாகு’. போதாதா?

பாபநாசத்திலிருந்து

*

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன்.

அண்ணே, வாகு பிரமாதம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் பந்தய வாகு என்றாலே கழுத்துவலி என்று ஆகிவிடும் போலிருக்கிறது. ஆடி மாதம் கும்பகோணத்திலிருந்து மேற்கே தஞ்சாவூருக்கு ஓட்டிப் பாருங்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, நிமிர்ந்து உட்கார்ந்தவர் பாய்மரமாகிவிடுவார். வேகமாகப் போகும்போது பெரிய எதிரி காற்றுதான், அதில் பெரும்பங்கை வாங்குவதும் ஃபிரேம் அல்ல, நம் உடம்பு. குனியத்தான் பந்தய வாகு. நான் வாரத்தில் மூன்று நாள் இடுப்புக்கும் தொடைக்கும் நீட்சிப் பயிற்சி செய்கிறேன், ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.43 வரும் வண்டியில் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டினேன். பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், பத்தில் முடித்தேன். கழுத்து அதே இடத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், சொகுசு முழுவதையும் ஃபிரேம் கணக்கில் எழுதாதீர்கள். 25 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி 32 போட்டுக் காற்றைக் குறைத்தால், நம் வேகத்தடைகளுக்கு எந்த வாகும் செய்யாத உதவியை அது செய்யும். நெடுவழி வண்டியின் பாதிப் பெருமை, அகல டயர் நுழைய அதில் இடம் விட்டிருப்பதுதான்.

திருவாரூர் ஐயா ‘வாகு’ வடசொல்லாயிற்றே, தோளைக் குறிப்பதாயிற்றே என்று தனிமடலில் கேட்டார். தோளைக் குறிக்கும் வாகு புராணத்தில் இருக்கட்டும். ‘வாகா புடிடா’ என்று நாற்றுமுடி தூக்குகிறவர் சொல்வதற்கு நான் வேர் பார்க்கப் போவதில்லை.

‘பின்னிடை’ மட்டும் இடிக்கிறது. ‘பின்னிடுதல்’ என்றால் பின்வாங்குதல் ஆயிற்றே?

*

பாபநாசத்திலிருந்து மறுபடி.

டயர் விஷயம் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் புது வண்டியில் 32 போட்டிருக்கிறேன், அதை எழுதாமல் எல்லாப் பெருமையையும் வாகுக்குக் கொடுத்தது என் தப்பு.

பின்னிடை பற்றி. நேற்று சாயங்காலம் சைக்கிள் கடையில் சும்மா கேட்டுப் பார்த்தேன். கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கையிலிருந்த ரிம்மைக் கீழே வைத்துவிட்டு, என் வண்டியின் சீட்டைப் பிடித்து ஹேண்டிலை விட்டுத் தள்ளிக் காட்டினார். அது தானாக நேரே போயிற்று. பிறகு ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, ஃபோர்க்கைப் பின்பார்த்து வைத்துத் தள்ளினார். அப்போதும் அது உடனே விழாமல் தானாகப் போயிற்று. ‘இப்பவும் சக்கரம் பின்னாடி தங்குது, அதான்’ என்றார். ‘ஆமாங்க, இப்போது முன்னைவிட ரொம்பப் பின்னாடி’ என்று கணக்கைச் சொன்னேன். ஃபோர்க் பின்னே திரும்பினால் 45 மில்லிமீட்டர் கழிவதற்குப் பதில் கூடிவிடும், பின்னிடை 150 மில்லிமீட்டர் வரும். ‘ரொம்பத் தங்குனாலும் விழலையே’ என்று சொல்லிவிட்டு ரிம்மை எடுத்துக்கொண்டார்.

‘தங்கல்’! அவர் இரண்டு தடவையும் அதே சொல்லைத்தான் சொன்னார், நான்தான் கணக்குச் சொல்லும் அவசரத்தில் காதில் வாங்கவில்லை. ‘பின்தங்கல்’ என்று வைத்தால் பின்வாங்கும் பொருள் வராது, சக்கரம் செய்கிற வேலையும் அதுதான். பின்னிடையைத் திரும்பப் பெறுகிறேன்.

பட்டியல் வைத்திருப்பவர் வாகு, எட்டம், அச்சிடை, பின்தங்கல் நான்கையும் ஏற்றிவிடுங்கள். நிமிர்வுக்கு நேரே கேள்விக்குறி இருக்கட்டும்.