பெட்டி திறக்கிற கேம் சூதாட்டத்துல வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுறார். மகன் எட்டாம் வகுப்பு. போன வாரம் அப்பா போன்ல கேம் விளையாடி 2,340 ரூபாய் போயிருக்கு. ஒரேயடியா இல்ல, கேம்ல வர்ற பெட்டியைத் திறக்க 29, 79னு துண்டு துண்டா. உள்ள என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும்.

பக்கத்துல உக்காந்து பாத்தேன். பெட்டி குலுங்குது, வெளிச்சம் அடிக்குது, தங்கக் கலர் துப்பாக்கி ஓடி வந்து சரியா ஒரு கட்டம் தள்ளி நிக்குது. "அம்மா, கிட்ட வந்துச்சு பாத்தியளா, அடுத்ததுல விழும்"னான். நெஞ்சு பதறிட்டு. எங்க அப்பா களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்கிட்டு வந்து இதே வார்த்தையைத்தான் சொல்வாரு. தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிக்குத் தடை. இது மட்டும் எப்படிப் பிள்ளைங்க கையில?

பெல்ஜியத்துல 2018லயே காசு கொடுத்துத் திறக்கிற பெட்டியைச் சூதாட்டம்னு சொல்லிட்டாங்க. நெதர்லாந்துல 2022ல ஒரு கால்பந்து கேம் வழக்குல கோர்ட்டு அப்படி இல்லைன்னுட்டு. கிடைக்கிற பொருளைக் காசாக்க முடியாது, அதனால சூது இல்லைங்கிறது கம்பெனிகளோட வாதம். எனக்கு அது ஏறல. போட்டது நிஜக் காசுதானே?

நம்ம 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்குள்ள இது வருமா? வக்கீல்கள் இருந்தா சொல்லுங்க. பணத்தைத் திரும்ப வாங்கினவங்க எப்படிக் கேட்டீங்க? பிள்ளையை நான் அடிக்கல. அவன்கிட்ட எப்படிப் பேசணும்னும் சொல்லித் தாங்க.